கூரை ஆண்டெனா முதல் கைப்பேசி வரை: மைசூர்த் தமிழர் வீட்டுத் திரை

மைசூர்த் தமிழரின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் கோயில்களையும் கல்வெட்டுகளையும் ஆராய்ந்திருக்கிறார்கள். கண்ணம்பாடி அணை கட்ட வந்த தொழிலாளரைப் பற்றியும், ரயில்வே பட்டறையிலும் ஆலைகளிலும் வேலைக்குச் சேர்ந்தவர்களைப் பற்றியும் மலர்களில் கட்டுரைகள் வந்ததுண்டு. வேலை முடிந்து மாலையில் வீடு திரும்பிய அந்த மனிதர் என்ன படம் பார்த்தார், எதில் பார்த்தார் என்பது மட்டும் அதிகம் எழுதப்படாத பகுதி. அற்ப விஷயம் என்று விட்டுவிட்டார்கள் போலும். வீட்டில் பேசும் தமிழ் அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேர்ந்ததில் பள்ளிக்கூடத்தைவிட அந்தப் பெட்டிக்குப் பங்கு அதிகம் என்பது என் எண்ணம். ஆகவே இது அற்பமல்ல.

இன்று வீட்டில் படம் பார்க்க மூன்று வழிகள் உள்ளன. ஒளிபரப்பு, தட்டு, இணையம். சென்னையில் இருப்பவர் இவற்றுள் ஒன்றைத் தேரும்போது படத்தின் தெளிவையும் மாதச் செலவையும் பார்ப்பார். நமக்கு அத்தோடு இன்னொரு கேள்வியும் உண்டு. இதை நிறுத்துகிற சுவிட்சு யார் கையில் இருக்கிறது?

ஒலிபரப்பில் இந்த ஊருக்குப் பழம்பெருமை உண்டு. மகாராஜா கல்லூரியில் உளவியல் பேராசிரியராக இருந்த எம்.வி. கோபாலசுவாமி 1935இல் தம் வீட்டிலேயே ஒரு சிறு வானொலி நிலையத்தைத் தொடங்கினார். அதற்கு வைத்த 'ஆகாஷவாணி' என்ற பெயரே பிற்காலத்தில் அகில இந்திய வானொலியின் பெயராயிற்று. தொலைக்காட்சி மட்டும் நமக்குத் தாமதமாகத்தான் வந்தது. சென்னை நிலையம் 1975 ஆகஸ்டு 15இல் தொடங்கியது. அதன் அலை இவ்வளவு தூரம் வராது. பெங்களூர் நிலையம் 1981 நவம்பரில் வந்தது. பிறகு நாடெங்கும் சிறு அலைபரப்பிகள் நிறுவப்பட்டபோது நம் கூரைகளிலும் மீன்முள் போன்ற ஆண்டெனாக்கள் முளைத்தன. அதில் தமிழ் கிடைப்பது அபூர்வம். டில்லியிலிருந்து ஞாயிறு பிற்பகலில் மாநில மொழிப் படங்கள் வரும். மொழிகள் முறைவைத்து வருவதால் தமிழின் முறை வரச் சில மாதங்கள் ஆகும். அன்றைக்குப் பார்த்துக் கரண்ட் போய்விட்டால், அப்புறம் அடுத்த முறைதான்!

அந்தக் காலத்து தூர்தர்ஷனோடு மைசூருக்கு இன்பமான உறவும் உண்டு, துன்பமான உறவும் உண்டு. யாதவகிரியில் வாழ்ந்த ஆர்.கே. நாராயணின் 'மால்குடி டேஸ்' 1986இல் சங்கர் நாக் இயக்கத்தில் தொடராக வந்தபோது, ஆங்கிலத்தில் எழுதிய ஒரு தமிழரின் கதைகளைக் கன்னட நடிகர்கள் இந்தி பேசி நடிக்கக் கண்டோம். அதில் நம்மூர்க்காரர் யாருக்கும் குறையில்லை. துன்பமானது பிரீமியர் ஸ்டூடியோ தீ விபத்து. தமிழ்ப் படங்கள் பல எடுக்கப்பட்ட அதே இடத்தில், 1989 பிப்ரவரி 8 அன்று 'தி ஸ்வோர்ட் ஆஃப் திப்பு சுல்தான்' என்ற தொலைக்காட்சித் தொடரின் படப்பிடிப்பில் தீப்பிடித்து 62 பேர் மாண்டனர். அடுத்த ஆண்டு அத்தொடர் ஒளிபரப்பானபோது என் தாயார் அதைப் பார்க்க மறுத்துவிட்டார்.

தமிழ் வேண்டுமென்றால் வாடகை 'டெக்கு'தான். கலர் டிவி, டெக், நான்கு கேசட் என்று ஒரு நாளைக்கு வாடகை பேசிக் கொண்டுவருவார்கள். பத்துப் பதினைந்து வீட்டார் சேர்ந்து பணம் போடுவார்கள். சாயங்காலம் புராணப் படத்தில் ஆரம்பித்து, விடியற்காலை எம்.ஜி.ஆர். படத்தில் முடியும். கொடுத்த காசு வீணாகக் கூடாது என்று தூங்கிக்கொண்டே பார்த்தவர்களும் உண்டு. கேசட்டில் நாடா தேய்ந்து கோடு கோடாக ஓடும், தலையைச் சாராயம் போட்டுத் துடைக்க வேண்டும். ஆனாலும் அது நம் கைக்குள் இருந்த பொருள்.

அதன் அருமை 1991 டிசம்பரில் தெரிந்தது. காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணை அரசிதழில் வெளியானதும் பெங்களூரிலும் மைசூர் வட்டாரத்திலும் தமிழர்கள் தாக்கப்பட்டனர். பலர் ஊரைவிட்டே போனார்கள். அதன் பின் சில வாரங்கள் எங்கள் தெருவில் டெக் ஓடவே இல்லை. ஓடிய வீடுகளிலும் "சத்தத்தைக் குறைச்சு வைப்பா, வெளியே கேக்கும்" என்பதுதான் பேச்சு. சுவரை ஒட்டி உட்கார்ந்து வசனத்தை உதட்டசைவில் படித்துக்கொண்டோம். கதவைத் தட்டி உதவி கேட்டால் அரிசியும் பாலும் வாங்கித் தந்த கன்னட அண்டை வீட்டார் இருந்தார்கள் என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். நம் வீட்டு டெக்கில் ராஜ்குமார் படம் பார்க்க வந்தவர்கள்தான் அவர்கள்.

1993 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு அன்று சன் டிவி தொடங்கியது. கேபிள்காரர் மாடிக்கு மாடி கம்பி இழுத்துக்கொண்டு வந்தார். முதன்முறையாகத் தமிழ் நம் வீட்டில் நாள்தோறும் கேட்டது. சென்னைச் செய்தி அன்றைக்கே தெரிந்தது, திருநெல்வேலியில் மழை என்றால் இங்கே பாட்டிமார் கவலைப்பட்டார்கள். பிள்ளைகள் கன்னடப் பள்ளியில் படித்தாலும் தொடர்கதை வசனத்தால் தமிழ் பேசப் பழகினார்கள். மாமியார்-மருமகள் சண்டைத் தமிழ்தான், இருந்தாலும் தமிழ். எனினும் சுவிட்சு கேபிள்காரர் கையில் இருந்தது. 2002, 2012, 2016 என்று காவிரிச் சிக்கல் முற்றிய போதெல்லாம் கர்நாடகத்தில் தமிழ்ப் படங்கள் திரையரங்குகளிலிருந்து எடுக்கப்பட்டன. கேபிளிலும் தமிழ் அலைவரிசைகள் நின்றன. எங்கள் தெரு கேபிள்காரர் நல்ல மனிதர். கேட்டதற்கு, "சொல்ப அட்ஜஸ்ட் மாடி சார். எனக்கு உங்க மேல என்ன கோவம்? ஓட்டினா வயரை அறுத்துட்டுப் போயிடுவாங்க" என்றார். அவர் பயம் நியாயமானது. அந்தப் பயத்தின் வழியாகத்தான் நமக்குத் தமிழ் வந்துகொண்டிருந்தது என்பதும் உண்மை.

அந்த நாள்களில் கைகொடுத்தது விசிடி. 1993இல் உருவான தொழில்நுட்பம் அது. ஒரு தட்டில் எழுபத்து நான்கு நிமிடந்தான் அடங்கும். இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படத்துக்கு இரண்டு தட்டு, மூன்றாவதும் வேண்டிவரும். முதல் தட்டு முடிந்ததும் எழுந்து மாற்ற வேண்டும். அதுவே இடைவேளை, அதுவே காபி. தெளிவு சுமார்தான். ஆயினும் சென்னையிலிருந்து வரும் உறவினர் பையில் முறுக்கோடு நாலு தட்டும் இருக்கும். மைசூருக்கும் சென்னைக்கும் ஓடும் ரயிலின் பெயர் காவேரி எக்ஸ்பிரஸ் என்பது அன்பர்கள் அறிந்ததே. காவிரியால் நின்றுபோன தமிழைக் காவேரியே கொண்டுவந்து சேர்த்தது!

அப்புறம் டிவிடி வந்தது. 2007 வாக்கில் மோசர் பேயர் நிறுவனம் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்கத் தொடங்கியதும் நடைபாதைத் திருட்டுத் தட்டு வாங்கவேண்டிய அவசியம் குறைந்தது. அந்தத் தட்டுகளில்தான் என் வீட்டு அலமாரி நிறைந்தது. சிவாஜி, ஜெமினி, பாலசந்தர், மகேந்திரன் என்று அடுக்கிவைத்தேன். அந்நிறுவனம் 2018இல் கலைப்புக்குப் போய்விட்டது. தட்டுகள் இன்றும் ஓடுகின்றன. தட்டின் குணம் அதுதான். விற்றவன் போனாலும் பொருள் இருக்கும்.

இதற்கிடையே மாடியில் சொந்தமாகத் தட்டாண்டெனா வைக்கும் டிடிஎச் வந்தது. கேபிள்காரரின் கையிலிருந்த சுவிட்சு கொஞ்சம் விலகியது. மழை பெய்தால் படம் போகும், மற்றபடி தொல்லையில்லை.

2016 செப்டம்பர் 5 என்ற தேதியை நம் வரலாற்றில் குறித்துவைக்க வேண்டும். நாள்தோறும் வினாடிக்கு 15,000 கன அடி வீதம் பத்து நாள்களுக்குத் தமிழ்நாட்டுக்கு நீர் திறக்க உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது அன்று. ஜியோ கைப்பேசிச் சேவை பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டதும் அதே நாள். ஒரு வாரத்தில் பெங்களூரில் பேருந்துகள் எரிந்தன, கேபிளில் தமிழ் நின்றது. ஆனால் வீட்டுப் பையன்கள் இலவச இணையத்தில் கைப்பேசியிலேயே தமிழ்ச் செய்தி பார்த்தார்கள். 1991இல் சுவரை ஒட்டி உட்கார்ந்த நாங்கள், இந்த முறை காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். பயம் தீரவில்லை, செய்தி மட்டும் கிடைத்தது.

இணையவழித் திரை வளர்ந்த கதை எல்லாரும் அறிந்தது. 2020 மே 29இல் 'பொன்மகள் வந்தாள்' திரையரங்குக்குப் போகாமலே நேராக வீட்டுக்கு வந்தது. நமக்கு முக்கியமான நிகழ்ச்சி 2025இல் நடந்தது. கன்னடம் தமிழிலிருந்து பிறந்தது என்று கமல்ஹாசன் பேசியதை ஒட்டி எழுந்த எதிர்ப்பால் 'தக் லைஃப்' கர்நாடகத்தில் வெளியாகவில்லை. சான்றிதழ் பெற்ற படத்தைத் தடுக்கக் கூடாது என்று ஜூனில் உச்ச நீதிமன்றம் சொல்லியும் இங்கே திரையரங்குகளில் ஓடவில்லை. ஜூலை 3 அன்று நெட்பிளிக்ஸில் வந்தது. அன்றிரவு மைசூரில் யார் வேண்டுமானாலும் வீட்டில் பார்க்கலாம், கன்னடர் உட்பட. படம் சுமார் என்பது வேறு கதை.

அதனால் தட்டைத் தூக்கிப் போட்டுவிடலாமா என்று மகன் கேட்கிறான். "அப்பா, எல்லாம் ஆன்லைன்ல இருக்கு." எல்லாம் இல்லை. பழைய கருப்பு வெள்ளைப் படங்களில் எத்தனையோ அங்கே கிடையாது. இருப்பதும் உரிமக் காலம் முடிந்தால் சொல்லாமல் கொள்ளாமல் மறைந்துவிடும். சுவிட்சு கேபிள்காரரிடமிருந்து கண்காணாத நிறுவனத்துக்குக் கைமாறியிருக்கிறது, அவ்வளவே. பேத்திக்குத் தமிழ் படிக்க வராது. ஆங்கில எழுத்து ஓடும் வசதியால் அவளும் எங்களோடு உட்கார்ந்து பார்க்கிறாள் என்பதற்காகவே சந்தா கட்டுகிறேன்.

இந்த ஊரில் இருந்துகொண்டு படியின் அருமையை மறக்க முடியாது. 1966இல் உதகையிலிருந்து இங்கு வந்த தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவில் தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. அவற்றைச் சென்னைக்கு மாற்ற 2021இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஆணையிட்டது. கோயில் திருப்பணியில் கல்லே போய்விட்ட இடங்களில் அந்தத் தாள்தான் சான்று. தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' (1931) அப்படி ஒரு படியும் இல்லாமல் போய்விட்டது.

ஆகவே என் வீட்டு ஏற்பாடு இது. செய்திக்கு ஒளிபரப்பு, புதுப் படத்துக்கு இணையம், பேரன் பேத்திக்கு விட்டுப்போக வேண்டியதற்குத் தட்டு. அன்பர்கள் அவரவர் வசதிக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். ஆனால் எந்த நிறுவனமும் நமக்காக வைத்திராத ஒரு வகை உண்டு. நம் பொங்கல் விழாக்கள், பட்டிமன்றங்கள், பிள்ளைகள் மேடையேறிய நாடகங்கள், கல்யாணங்கள். அவை எல்லாம் பழைய வீடியோ கேசட்டில் பரண்மேல் கிடக்கின்றன. நாடாவில் பூஞ்சை பிடிக்கிறது. டெக் செய்துவந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016இலேயே உற்பத்தியை நிறுத்திவிட்டது. எனக்குத் தெரிந்து நம்மிடையே ஓடும் நிலையில் இருக்கும் டெக் ஒன்றே ஒன்று. அது என்னிடம் இருக்கிறது. கணினியில் ஏற்றிக் கொடுக்கப் பக்கத்து வீட்டுக் கன்னடப் பையன் கற்றுக்கொண்டிருக்கிறான். கேசட் வைத்திருப்போர் கொண்டுவரலாம். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மேல் வீட்டில் இருப்பேன்.