காடியின் தோல் உரியும்போது

வெளியில் நிறுத்திவைக்கும் காடியில் முதலில் கிழடுதட்டுவது இருக்கைதான். பினாங்கின் வெயிலும் கடற்காற்றின் ஈரமும் மாறிமாறித் தாக்க, செயற்கைத் தோலுக்கு நெகிழ்வு தருவதற்காகக் கலந்த எண்ணெய்ப்பசை மெல்ல ஆவியாகிப் போகும். உறை விறைத்து, ஏறி இறங்கும்போது உரசுகிற ஓரத்தில் வெடிக்கும். கூரைத் துணிக்குப் பின்னால் ஒட்டிய மெல்லிய ஸ்பாஞ்ச் பொடிந்து உதிர, துணி தொங்கி ஓட்டுநரின் தலையில் இடிக்கும். இன்ஜினுக்கோ இன்னும் பத்து வருட ஆயுசு இருக்கும். அப்போது சொந்தக்காரரே கொஞ்சம் ரெக்சின் வாங்கிவந்து, வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து இருக்கையைப் பிரித்துத் தைக்கிறார். நல்ல கைத்தொழில் ஒன்று சீரழிந்ததன் அடையாளம் இது என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஜார்ஜ்டவுனின் பழங்கதையைப் பார்த்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. இருக்கை மெத்தை இந்த ஊரில் தொடக்கத்திலிருந்தே சிக்கனத்தின் பிள்ளை. பக்கத்தில் கிடைத்ததை உள்ளே திணித்து, கிழிந்ததை மறுபடி போர்த்தித்தான் அது பிழைத்துவந்தது.

1786இல் பிரான்சிஸ் லைட் இங்கே ஆங்கிலேயக் கொடி ஏற்றிய பிறகு ஊர் துறைமுகமாக வளர்ந்தது. கப்பலுக்கு வேண்டிய சரக்கெல்லாம் கரையிலும் புழங்கியது. ஜாலான் பிந்தால் தாலி என்ற தெருப்பெயருக்குக் கயிறு திரிக்கும் தெரு என்று பொருள். தென்னை நாரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே நம் பக்கத்துக் ‘கயிறு’, மலையாளக் ‘கயர்’ வழியில் போனதுதான். இலவம் பஞ்சுக்கு ஆங்கிலேயர் வைத்துக்கொண்ட பெயர் மலாய் மொழியின் ‘காப்போக்’. நம் கிளியை ஏமாற்றிய அதே இலவு, மலாயா வீடுகளில் தலையணையும் படுக்கையுமாயிற்று. ஐரோப்பாவின் கோச்சு வண்டி இருக்கையில் குதிரை மயிர் அடைப்பார்கள். இந்த வட்டாரத்தில் நாரும் பஞ்சும் பிரம்பும் கைக்கெட்டும் தூரத்தில் கிடைத்தன. கயிறு திரித்தவன் கப்பலுக்குத்தானே திரித்தான், வண்டி மெத்தைக்கு அது எப்படிச் சாட்சியாகும் என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. தெருப்பெயரை வைத்துத் தொழிலின் வரலாற்றை எழுதிவிட முடியாது. ஆனால் நாரை விலைக்கு வாங்கவும், அதைப் பதப்படுத்தத் தெரிந்த கையைக் கண்டுபிடிக்கவும் ஊரைவிட்டு வெளியே போக வேண்டியிருக்கவில்லை என்பதற்கு அது சாட்சிதான். மெத்தைக்காரனுக்கு வேண்டிய முதலீடும் பெரும்பாலும் அவ்வளவே.

நார் பழங்காலத்தோடு போய்விடவுமில்லை. மலேசியாவில் ஊருக்கு ஊர் ஓடிய பழைய மெர்சிடிஸ் டாக்சியின் இருக்கையைக் கிழித்தால் உள்ளே ரப்பர் பால் தோய்ந்த நார்க்கற்றைதான் இருக்கும். வோக்ஸ்வேகன் பீட்டிலிலும் அப்படியே. அந்த ரப்பர் பாலின் பயணம் தமிழருக்கு நெருக்கமானது. பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில், இன்று செபராங் பிறை என்கிற நிலத்தில், முதலில் கரும்புத் தோட்டங்களிலும் பிறகு கித்தாத் தோட்டங்களிலும் உழைத்தவர்களில் பெரும்பங்கு தமிழ்க் கூலிகள். வெட்டி எடுத்த பால் உறையாமலிருக்க அம்மோனியா கலந்து, திரவமாகவே கப்பலேற்றும் முறை வந்தது. 1929 வாக்கில் பர்மிங்காமில் டன்லப் நிறுவனத்து ஆய்வாளர்கள் அந்தப் பாலைச் சவர்க்காரத்தோடு சேர்த்து நுரைக்க அடித்து, அச்சில் வார்த்து, உலகின் முதல் நுரை ரப்பர் மெத்தைகளைச் செய்தார்கள். தோட்டத்தில் வெள்ளி முளைக்கும் முன் எழுந்து வெட்டிய பால், கடல் கடந்து போய், காற்று அடைத்த பஞ்சணையாகி, சீமைக் காடிகளுக்குள் உட்கார்ந்து இதே துறைமுகங்களில் வந்து இறங்கியது. வெட்டியவர் அதில் ஏறி உட்கார்ந்தது அபூர்வம். பிறகு ஜெர்மனியில் 1937இல் பிறந்த பாலியுரித்தேன் விலை மலிந்து, நுரை ரப்பரையும் நாரையும் ஓரங்கட்டியது. மேலுறையிலும் இதே கதைதான்: பருத்தித் துணியில் நைட்ரோசெல்லுலோஸ் பூசிய ரெக்சின் ஓர் ஆங்கிலேய நிறுவனத்தின் வணிகப் பெயர். சரக்கு மறைந்து பிளாஸ்டிக் உறை வந்த பின்னும் பெயர் மட்டும் நம் வாயில் ஒட்டிக்கொண்டது. அசல் தோலுக்குப் பதிலாக வந்த போலிக்கும் ஒரு போலி! இந்த வரிசையில் ‘உயர்ந்த அசல்’ எது என்று தேடப் போனால் கடைசியில் குதிரை மயிர்தான் மிஞ்சும், அதுவும் இந்த ஊருடையது அல்ல.

பழைய காடிகள் பினாங்கில் இவ்வளவு காலம் ஓடுவதற்கு உணர்ச்சியைவிடச் சட்டமும் வரியும் பெரிய காரணம். சிங்கப்பூரில் 1990 முதல் காடி வைத்திருக்கும் உரிமையே பத்தாண்டுச் சீட்டு. அதைப் புதுப்பிக்கப் பெரும் பணம் கட்ட வேண்டும். அங்கே இருக்கை நைந்து போகும் முன்பே காடி பெரும்பாலும் போய்விடும். மலேசியாவில் இறக்குமதிக் காடிக்குக் கடும் வரி. ஆனால் தனியார் காடிக்கு வயது வரம்பு இல்லை. 1985இல் புரோட்டோன் சாகாவும் பினாங்குப் பாலமும் ஒரே ஆண்டில் வந்தன; 1994இல் பெரோடுவா காஞ்சில் வந்தது. நடுத்தரக் குடும்பமும் அதற்குக் கீழுள்ளதும் இவற்றை விடாமல் ஓட்டின. 2009இல், பதினைந்து வயது கடந்த வாகனங்களுக்குக் கட்டாயப் பரிசோதனை என்று அரசு அறிவித்தபோது எழுந்த எதிர்ப்பில் விரைவிலேயே அது திரும்பப் பெறப்பட்டது. பழைய காடி எத்தனை வீடுகளுக்குப் பிழைப்பு என்பதை அந்த எதிர்ப்பு காட்டியது. இன்னொரு பக்கம், வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000ஆம் ஆண்டு பிறந்தபோது முற்றாக நீங்கியது. கடைவீட்டின் கீழ்த்தளத்தில் சொற்ப வாடகைக்குத் தொழில் செய்தவர்கள் நடுநகரில் நிற்க முடியவில்லை. 2008இல் யுனெஸ்கோ ஜார்ஜ்டவுனுக்கு உலக மரபுரிமைப் பட்டம் கொடுத்தபோது சுவர்களுக்குக் கிடைத்த காப்பு தையல் இயந்திரங்களுக்குக் கிடைக்கவில்லை. மலிவான கைவேலை ஊரின் விளிம்புக்குத் தள்ளப்பட்டால், குறைந்த சம்பளக்காரர் ஊசியைத் தன் கையில் எடுப்பதில் வியக்க என்ன இருக்கிறது?

வீட்டில் தைத்தது கடைத் தையலாகுமா என்ற ஆட்சேபம் மிச்சமிருக்கிறது. பாதி உண்மைதான். கடைக்காரரின் கனத்த இயந்திரம் மேல் அடுக்கையும் கீழ் அடுக்கையும் ஒன்றாக நகர்த்தும். வீட்டு இயந்திரத்தில் செயற்கைத் தோல் வழுக்கும், தையல் நெருக்கமாக விழுந்தால் அஞ்சல்தலை ஓரம்போலக் கிழியும். பருத்தி நூல் போட்டால் ஈரத்தில் மக்கிவிடும். பாலியெஸ்டர் நூல்தான் தாங்கும். ஆனால் வேலையின் உயிர்நாடி இயந்திரத்தில் இல்லை. பழைய உறையைத் தையலோரமாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் எண்ணும் திசைக்குறியும் போட்டு, அதையே வெட்டு மாதிரியாக வைப்பதுதான் முக்கால் வேலை. கடையிலும் அப்படித்தான் செய்கிறார்கள். புது உறையை மாட்டும் முன் நண்பகல் வெயிலில் கொஞ்ச நேரம் போட்டால் இளகி, மடிப்பில்லாமல் இழுபடும். உறையைக் கெடுத்த வெயிலிடமே வேலை வாங்கிக்கொள்ளலாம். ஸ்பிரிங் தொய்ந்துபோன இருக்கைக்கும், நாலு நாளில் முடிய வேண்டிய டாக்சிக்கும் கடைக்காரர்தான் சரி. அந்தக் கை வேகம் வருடக்கணக்கில் வருவது.

இந்தச் சிக்கனம் செல்லாத இடம் ஒன்று உண்டு. புதிய காடிகள் பலவற்றில் முன்னிருக்கையின் முதுகுப் பக்கவாட்டில் ஏர்பேக் ஒளிந்திருக்கிறது. மோதலின்போது குறிப்பிட்ட ஒரு தையல் மட்டும் பிய்ந்து பை வெளியே வரும்படி அதைத் தொழிற்சாலையில் கணக்காகத் தைத்திருப்பார்கள். உறுதியான நூலால் அங்கே ஒரு வரி ஓட்டினால், காப்பாற்ற வேண்டிய பை உள்ளேயே அடைபடும். பழைய சாகாவிலும் காஞ்சிலிலும் அந்தத் தொல்லை இல்லை. இருக்கையோரத்தில் ‘ஏர்பேக்’ என்று சின்னத் துணிச்சீட்டு தைத்திருக்கும் காடியில், அந்தப் பக்கத்தை மட்டும் பிரிக்காமல் விட்டுவிட வேண்டியதுதான்.