வில்வண்டியிலிருந்து ஷாக்கப்சர் வரை

போன மாசம் திருத்தணி ரோட்டுல என் பிக்கப் ஓட்டும்போது ஒரு அனுபவம். கத்திரிக்காய் மூட்டைகளை இறக்கிட்டு காலி வண்டியா வந்துகிட்டிருந்தேன். பக்கத்துல வீட்டுக்காரி. முன்னால ஒரு மாடு குறுக்கே வந்துச்சு. பிரேக் போட்டேன். பின்சக்கரம் ரெண்டும் தவளை மாதிரி தத்த, வண்டியோட பின்பக்கம் ஒரு பக்கமா இழுத்துட்டுப் போச்சு. மாடும் தப்பிச்சது, நாங்களும் தப்பிச்சோம். இறங்கிப் பார்த்தா, ஒரு ஷாக்கப்சர் எண்ணெய் கக்கியிருக்கு. இன்னொண்ணு மேல் கண்ணு பிய்ஞ்சு தொங்குது.

தப்பு என்னோடதுதான். கழனிக்குப் போற வழியில கால்வாய்க் கரை ஏறணும், மழைக்காலத்துல கொசஸ்தலை ஆத்தோரம் சேறு. அடி தட்டுதுன்னு ரெண்டு வருஷம் முன்னால பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவுல கட்டை வச்சு ரெண்டு அங்குலம் தூக்கினேன். ஷாக்கப்சர் மட்டும் பழசே இருக்கட்டும்னு விட்டுட்டேன்.

இது தெரிஞ்சப்புறம்தான் இந்தச் சாமானோட கதையைத் தேடிப் படிச்சேன். நகரத்துல இருக்கிற நீங்களும் இப்போ உயரமான பிக்கப் வாங்கி இன்னும் தூக்குறீங்க. அதனால எழுதுறேன்.

என் தாத்தா காலத்துல ஊர்ல ரெண்டு வகை வண்டி. பாரத்துக்குக் கட்டை வண்டி. கட்டை வண்டியில பாரம் நேரா இருசு மேலயே உட்காரும். ஒவ்வொரு கல்லும் முதுகெலும்புல தெரியும். பெண்ணழைப்புக்கும் கோயிலுக்கும் வில்வண்டி. 'வில்'லுன்னா அந்த வளைஞ்ச இரும்புப் பட்டைதான். இங்கிலாந்துல ஒபதையா எலியட் என்பவர் 1804-ல கோச்சு வண்டிக்கு இந்த மாதிரி வில்லுக்குக் காப்புரிமை வாங்கினார். அது வெள்ளைக்காரன் கோச்சு வழியா இங்க வந்து மாட்டு வண்டியிலயும் ஏறிடுச்சு. லாரியிலயும் பிக்கப்லயும் பின்னால இன்னைக்கும் இருக்கிறது அதே வில்லுதான்.

அப்போ வில்வண்டிக்கு ஏன் ஷாக்கப்சர் இல்ல? தேவைப்படல. மாடு நடக்கிற வேகத்துல வில்லு ஒரு தடவை அமுங்கி எழுந்துடும். பட்டைகள் ஒண்ணோடொண்ணு உரசுறதே ஆட்டத்தைக் கொஞ்சம் அடக்கிடும். கார் வந்து வேகம் கூடினதும்தான் வம்பு. ஒரு குழியில அமுங்கின வில்லு எழும்புறதுக்குள்ள அடுத்த குழி வந்துடுது. வண்டி துள்ளுது, சக்கரம் ரோட்டை விட்டுக் கிளம்புது. சக்கரம் தரையில இல்லன்னா பிரேக்கும் இல்ல, ஸ்டியரிங்கும் இல்ல. ஷாக்கப்சர் சொகுசுக்குன்னு நாம நினைக்கிறோம். உண்மையில அது டயரைத் தரையோட பிடிச்சு வைக்கிற சாமான்.

பிரான்ஸ்ல த்ரூஃபோ என்பவர் முதல்ல உராய்வுத் தட்டு வச்சு ஒரு அடக்கி செஞ்சார். அதை அமெரிக்காவுல ஹார்ட்ஃபோர்டு கார்களுக்குக் கொண்டுபோனார். அப்புறம் மோரிஸ் ஹூதாய், எண்ணெயைச் சின்ன ஓட்டை வழியாத் தள்ளி ஆட்டத்தை அடக்குற முறையைக் கொண்டுவந்தார். வில்லு துள்ளுற சக்தி எண்ணெய்ல சூடா மாறிப் போயிடும். வேலை செஞ்ச ஷாக்கப்சரைத் தொட்டுப் பாருங்க, சுடும். ரொம்பச் சூடானா எண்ணெய் நுரைச்சு வேலை கெட்டுடும். அதுக்குத் தீர்வாத்தான் தெ கார்போன் என்ற பிரெஞ்சுக்காரர் உயர் அழுத்த வாயு அடைச்ச ஒற்றைக்குழாய் வகையைக் கண்டுபிடிச்சார். நம்ம நாட்டுல காப்ரியேல் கம்பெனி 1961-ல பம்பாய் முலுண்டுல தொடங்குச்சு.

நம்ம திருவள்ளூருக்கும் இதுல பங்கு உண்டு. 1998-ல இந்துஸ்தான் மோட்டார்ஸ் திருவள்ளூர் பக்கம் மிட்சுபிஷி லான்சர் செய்ய ஆரம்பிச்சாங்க. அதே தொழிற்சாலையில கொஞ்ச காலம் இசுசு டி-மேக்ஸ் பிக்கப்பும் தயாராச்சு. 2016-ல இசுசு, கும்மிடிப்பூண்டி தாண்டி ஆந்திர எல்லையில ஸ்ரீசிட்டிக்குப் போயிடுச்சு. இன்னைக்கு நிறைய பேர் தூக்கி ஓட்டுற வி-கிராஸ் அங்கிருந்து வர்றதுதான்.

அப்புறம் 2021-ல திருவள்ளூர் தொழிற்சாலையில சித்ரோயன் கார் வந்துச்சு. இந்தக் கம்பெனியோட பழைய கதை ஒண்ணு எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1930-கள்ல அதோட தலைவர் பூலான்ஜே, விவசாயிக்கு ஒரு கார் வேணும்னார். ரெண்டு பேரு, 50 கிலோ உருளைக்கிழங்கு, உழுத வயல்ல ஓடணும், கூடையில இருக்கிற முட்டை உடையக் கூடாதுன்னு நிபந்தனை போட்டதாச் சொல்வாங்க. அந்த 2சிவி கார் 1948-ல பாரிஸ் கண்காட்சியில வெளியே வந்துச்சு. விவசாயியோட முட்டைக்கூடையை வச்சு ஒரு காரையே யோசிச்சிருக்காங்க. நான் என் வண்டியை யோசிக்காம தூக்கிட்டேன்.

இனி நான் கத்துக்கிட்டது. ஷாக்கப்சர் பாரம் தாங்காது. பாரம் தாங்குறது பட்டை. அதனால 'கெட்டியானதா போடு'ன்னு வாங்காதீங்க, காலி வண்டி இன்னும் துள்ளும். பட்டையோட கடினத்துக்கும் நீங்க வழக்கமா ஏத்துற பாரத்துக்கும் பொருத்தமா இருக்கணும்.

அளவு ரெண்டு எடுக்கணும். ஜாக்கி வச்சு வண்டியைத் தூக்கி, சக்கரம் முழுசாத் தொங்கும்போது மேல் கண்ணுக்கும் கீழ் கண்ணுக்கும் இடைவெளி ஒண்ணு. ஆக்சில் ரப்பர் கட்டையில முட்டுற அளவுக்கு அமுங்கும்போது இன்னொண்ணு. ஷாக்கப்சர் முழுசா நீளும்போது முதல் அளவை விட நீளமா, முழுசா மடங்கும்போது ரெண்டாவது அளவை விடக் குட்டையா இருக்கணும். எனக்கு நடந்தது என்னன்னா, வண்டி உயர்ந்ததால சக்கரம் தொங்குற இடமும் ரெண்டு அங்குலம் கீழ போச்சு. பழசு எட்டல. ஒவ்வொரு குழியிலயும் அதுவே சங்கிலி மாதிரி சக்கரத்தைப் பிடிச்சு இழுத்து, கடைசியில பிய்ஞ்சுது.

ஒற்றைக்குழாய் வகை சூட்டை நல்லா விடும். ஆனா கல்லடிச்சு குழாய் நசுங்கினா உள்ள பிஸ்டன் சிக்கிடும். ஏரிக்கரை சரளைக்கு இரட்டைக்குழாய் எனக்குப் போதும். மாத்தும்போது ரெண்டு பக்கமும் சேர்த்து மாத்துங்க.

இன்னொண்ணு: 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுங்குது. அதனால நான் கட்டையை எடுத்துட்டேன். பழைய உயரத்துக்கே புது ஷாக்கப்சர் போட்டேன். கால்வாய்க் கரையை ரெண்டு நாள் மண்வெட்டி பிடிச்சுச் சரிவாக்கினேன்.

எங்க ஊர் ரத்தின சபையில நடராசர் காலைத் தலைக்கு மேல தூக்கி ஆடுறார். அவரைப் பார்த்தவங்க எல்லாம் தூக்கின காலைத்தான் பார்ப்பாங்க. நான் போன வாரம் ஊனின காலைப் பார்த்துட்டு வந்தேன்.