லிட்டரரி டைஜெஸ்ட் கருத்துக் கணிப்பு, 1936

லிட்டரரி டைஜெஸ்ட் கருத்துக் கணிப்பு என்பது 1936 ஆம் ஆண்டு நடைபெற்ற ஐக்கிய அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலை முன்னிட்டு, லிட்டரரி டைஜெஸ்ட் என்னும் அமெரிக்க வார இதழ் நடத்திய வாக்காளர் கருத்துக் கணிப்பு ஆகும். ஏறத்தாழ 1 கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச் சீட்டுகள் அனுப்பப்பட்டு, அவற்றுள் 23 இலட்சம் அளவில் திரும்பப் பெறப்பட்டன. இத்தனை பேரின் விடைகளைக் கொண்டிருந்தும் இக்கணிப்பு வெற்றி பெறுபவரைத் தவறாகக் கூறியது. மாதிரியின் அளவு பெரிதாக இருப்பது மட்டுமே ஒரு கணிப்பை நம்பத்தக்கதாக ஆக்காது என்பதற்கு எடுத்துக்காட்டாகப் புள்ளியியல், அரசறிவியல் பாடநூல்களில் இது இன்றும் குறிப்பிடப்படுகின்றது.

பின்னணி

லிட்டரரி டைஜெஸ்ட் 1890 ஆம் ஆண்டு ஐசக் பங்க் என்பவரால் தொடங்கப்பட்டது. இவ்விதழ் 1916 முதல் குடியரசுத் தலைவர் தேர்தல்களுக்கு முன்னர் அஞ்சல் வழியாகக் கருத்துக் கணிப்பு நடத்தி வந்தது. 1916 முதல் 1932 வரையான ஐந்து தேர்தல்களிலும் வெற்றி பெறுபவரை அது சரியாகக் கூறியிருந்தது. 1932 இல் வாக்கு விழுக்காட்டைக்கூட ஒரு விழுக்காட்டுப் புள்ளி வேறுபாட்டுக்குள் கணித்தது. இதனால் மக்களிடத்தும் அரசியல் கட்சிகளிடத்தும் இக்கணிப்புக்குப் பெரும் மதிப்பு ஏற்பட்டிருந்தது.

1936 தேர்தலில் அப்போதைய குடியரசுத் தலைவரும் சனநாயகக் கட்சி வேட்பாளருமான பிராங்க்ளின் ரூசவெல்ட், குடியரசுக் கட்சியைச் சேர்ந்த கேன்சாஸ் மாநில ஆளுநர் ஆல்பிரட் லாண்டன் ஆகியோர் போட்டியிட்டனர். நாடு பெரும் பொருளியல் வீழ்ச்சியிலிருந்து மீண்டு கொண்டிருந்த காலம் அது. ரூசவெல்ட்டின் நியூ டீல் திட்டங்களை உழைக்கும் மக்களும் வேலையற்றோரும் பெரிதும் ஆதரித்தனர். வசதி படைத்தோரில் பலர் எதிர்த்தனர். முந்தைய தேர்தல்களை விட இம்முறை வருமானத்துக்கும் வாக்குக்கும் இடையிலான தொடர்பு வலுப்பெற்றிருந்தது.

கணிப்பு நடத்தப்பட்ட முறை

முகவரிகள் பெரும்பாலும் தொலைபேசி விவரக்கொத்துகளிலிருந்தும் தானுந்துப் பதிவுப் பட்டியல்களிலிருந்தும் திரட்டப்பட்டன. சில நகரங்களில் வாக்காளர் பட்டியல்களும் பயன்பட்டன. மாதிரி வாக்குச் சீட்டைப் பெற்றவர் அதனை நிரப்பித் தாமே அஞ்சலில் திருப்பி அனுப்ப வேண்டும். 1932 இல் எக்கட்சிக்கு வாக்களித்தார் என்ற கேள்வியும் அச்சீட்டில் கேட்கப்பட்டிருந்தது. வந்து சேர்ந்த சீட்டுகளை எண்ணி, எவ்விதத் திருத்தமும் செய்யாமல் அப்படியே வெளியிடுவதே இதழின் வழக்கமாக இருந்தது. அதனைத் தனது நடுநிலைமைக்குச் சான்றாகவும் அவ்விதழ் கருதியது.

முடிவுகள்

இறுதி முடிவு 1936 அக்டோபர் 31 இதழில் வெளியாயிற்று. தேர்தல் நவம்பர் 3 அன்று நடைபெற்றது. இரண்டின் ஒப்பீடு வருமாறு:

- கணிப்பில் கிடைத்த சீட்டுகள்: லாண்டன் 12,93,669, ரூசவெல்ட் 9,72,897 (இருவருக்குள் 57 விழுக்காடு, 43 விழுக்காடு)
- தேர்தலில் பெற்ற வாக்குகள்: ரூசவெல்ட் 60.8 விழுக்காடு, லாண்டன் 36.5 விழுக்காடு
- கணிப்பின்படி தேர்வாளர் வாக்குகள்: லாண்டன் 370, ரூசவெல்ட் 161
- உண்மையான தேர்வாளர் வாக்குகள்: ரூசவெல்ட் 523, லாண்டன் 8

அப்போதிருந்த 48 மாநிலங்களுள் மேய்ன், வெர்மான்ட் ஆகிய இரண்டு மட்டுமே லாண்டனுக்குக் கிடைத்தன. இரு வேட்பாளர்களின் வாக்குகளை மட்டும் கொண்டு நோக்கினால், கணிப்பின் பிழை ஏறத்தாழ 19 விழுக்காட்டுப் புள்ளிகள் ஆகும். முழுமைத் தொகுதியிலிருந்து 23 இலட்சம் பேர் உண்மையிலேயே சமவாய்ப்பு முறையில் தெரிவு செய்யப்பட்டிருந்தால், வாய்ப்பினால் நேரும் பிழை பத்தில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாகவே இருந்திருக்கும்.

கேலப்பின் கணிப்பு

இதே தேர்தலில் ஜார்ஜ் கேலப், எல்மோ ரோப்பர், ஆர்ச்சிபால்ட் கிராஸ்லி ஆகிய மூவரும் மிகச் சிறிய மாதிரிகளைக் கொண்டு ரூசவெல்ட் வெல்வார் எனக் கூறினர். கேலப் 1935 இல்தான் அமெரிக்கப் பொதுக்கருத்து நிறுவனத்தைத் தொடங்கியிருந்தார். டைஜெஸ்ட் இதழ் சீட்டுகளை அனுப்பத் தொடங்கும் முன்பே, 1936 சூலையில், அது லாண்டனுக்கு 56 விழுக்காடு எனத் தவறாகக் கூறும் என்று அவர் எழுதினார். டைஜெஸ்ட் பயன்படுத்தும் பட்டியல்களைப் போன்றவற்றிலிருந்து தெரிந்தெடுத்த சுமார் 3,000 பேருக்கு அஞ்சலட்டை அனுப்பியே இதனை அவர் கண்டறிந்தார். இதழின் ஆசிரியர் வில்பிரட் பங்க் இதனைக் கடுமையாக மறுத்தார்.

கேலப்பின் கணிப்பும் துல்லியமானதன்று. ரூசவெல்ட்டுக்கு அவர் 56 விழுக்காடு அளவில் கூறினார். இரு கட்சி வாக்குகளில் உண்மையான பங்கு 62 விழுக்காட்டுக்கு மேல். எனினும் வெற்றியாளரைச் சரியாகக் கூறியமையால் அவருடைய முறை புகழ்பெற்றது.

தோல்விக்கான காரணங்கள்

பட்டியல் பிறழ்ச்சி: தொலைபேசியும் தானுந்தும் உடையோர் சராசரி வாக்காளரை விட வசதியானவர்கள். அக்காலத்தில் பெரும்பாலான வீடுகளில் தொலைபேசி இல்லை. ஆகவே ரூசவெல்ட்டை ஆதரித்த ஏழை வாக்காளர்கள் பட்டியலில் போதிய அளவு இடம்பெறவில்லை. நெடுங்காலமாகப் பாடநூல்கள் இக்காரணத்தை மட்டுமே கூறி வந்தன.

மறுமொழி அளிக்காமை: சீட்டைப் பெற்றவர்களுள் நால்வரில் ஒருவருக்கும் குறைவானவர்களே அதனைத் திருப்பி அனுப்பினர். இவ்வாறு அனுப்பியோர் அனுப்பாதோரிடமிருந்து வேறுபட்டவர்களாக இருந்தனர். சிகாகோ நகரம் இதனைத் தெளிவாகக் காட்டுகின்றது. அங்கே பதிவு செய்த வாக்காளர்களுள் மூன்றில் ஒருவருக்குச் சீட்டு அனுப்பப்பட்டதால் பட்டியல் பிறழ்ச்சிக்குப் பெரிதும் இடமில்லை. எனினும் விடையளித்த சுமார் 20 விழுக்காட்டினரில் பாதிக்கு மேற்பட்டோர் லாண்டனை ஆதரித்தனர். தேர்தலிலோ அந்நகரில் ரூசவெல்ட் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளைப் பெற்றார்.

அரசறிவியலாளர் பெவரில் ஸ்குவைர் 1988 இல் வெளியிட்ட ஆய்வு இதனை உறுதி செய்தது. அவர் பயன்படுத்தியது 1937 இல் கேலப் நிறுவனம் எடுத்த ஓர் அளவீடு ஆகும். அதன்படி டைஜெஸ்ட் சீட்டைப் பெற்றுத் திருப்பி அனுப்பியோரில் 51 விழுக்காட்டினர் லாண்டனுக்கும், பெற்றும் அனுப்பாதோரில் 69 விழுக்காட்டினர் ரூசவெல்ட்டுக்கும் வாக்களித்திருந்தனர். சீட்டைப் பெற்ற அனைவரும் விடையளித்திருந்தால், பிழை இருந்தாலும் வெற்றியாளர் சரியாகவே கூறப்பட்டிருப்பார். தேர்தலுக்குப் பின் கேட்கும்போது வென்றவருக்கு வாக்களித்ததாகச் சிலர் கூறிவிடுவது இயல்பு என்பதால், இவ்வெண்களை அவ்வரம்புடனேயே கொள்ள வேண்டும்.

திருத்தம் செய்யாமை: ஷாரன் லோர், மைக்கேல் பிரிக் ஆகியோர் 2017 இல் வெளியிட்ட ஆய்வில், சீட்டுகளில் கேட்கப்பட்ட 1932 வாக்கு விவரத்தைக் கொண்டு நிறையிட்டிருந்தால் ரூசவெல்ட்டே வெல்வார் என்ற முடிவு கிடைத்திருக்கும் எனக் காட்டினர். பிழையைக் குறைப்பதற்கான தரவு இதழின் கையிலேயே இருந்தும் பயன்படுத்தப்படவில்லை.

விளைவுகள்

இதழின் நற்பெயர் பெரிதும் பாதிக்கப்பட்டது. 1937 இல் அது ரிவியூ ஆப் ரிவியூஸ் இதழுடன் இணைந்தது. 1938 இல் டைம் இதழுடன் சேர்க்கப்பட்டு மறைந்தது. கேலப் முதலியோரின் முறையே கருத்துக் கணிப்பின் பொதுவழியாயிற்று.

அம்முறையும் குறையற்றதன்று. வயது, பால், வருமானம் முதலியவற்றுக்கு ஒதுக்கீடு வகுத்துவிட்டு, அவ்வொதுக்கீட்டுக்குள் யாரைக் கேட்பது என்பதை நேர்காணல் செய்பவரிடமே அது விட்டுவிட்டது. 1948 தேர்தலில் மூவரும் தாமஸ் டூயி வெல்வார் எனக் கூற, ஹாரி ட்ரூமன் வெற்றி பெற்றார். அதன் பின்னர் ஒவ்வொருவரும் தெரிவாகும் நிகழ்தகவு அறியப்பட்ட கூறெடுப்பு முறைகள் படிப்படியாக வழக்கத்துக்கு வந்தன.

இன்றைய பொருத்தம்

சமவாய்ப்பு முறையில் தெரிவு செய்த 1,000 பேரின் விடைகள் 95 விழுக்காட்டு நம்பிக்கையில் ஏறத்தாழ 3 விழுக்காட்டுப் புள்ளிப் பிழைக்குள் அமையும். தாமாக முன்வந்து விடையளிப்போர் பல இலட்சம் பேராயினும் அவ்வாறான உறுதி எதுவும் இல்லை. இணையத்தளங்களில் வாசகர்கள் விரும்பி அளிக்கும் வாக்குகளுக்கும் இது பொருந்தும். மறுமொழி அளிக்காமையும் தீர்ந்துவிடவில்லை. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையத்தின் தொலைபேசிக் கணிப்புகளில் 1997 இல் 36 விழுக்காடாக இருந்த மறுமொழி வீதம் 2018 இல் 6 விழுக்காடாகக் குறைந்தது. ஆகவே ஒரு கணிப்பைப் படிப்பவர், எத்தனை பேர் விடையளித்தனர் என்பதோடு, அவர்கள் எவ்வாறு தெரிவு செய்யப்பட்டனர், விடையளிக்காதோர் யார் என்பனவற்றையும் நோக்குதல் வேண்டும்.

இவற்றையும் பார்க்க

- கருத்துக் கணிப்பு
- கூறெடுப்பு
- பொதுக்கருத்து
- ஜார்ஜ் கேலப்