பழவேற்காட்டிலிருந்து கடல் கடந்த உணவு

கோட்டைக்குப்பம் உள்ளிட்ட பழவேற்காட்டு மீனவ ஊர்கள் பழைய துறைமுகம் ஒன்றின் எச்சங்கள். 1613இல் இங்கு கெல்திரியா கோட்டையை எழுப்பிய டச்சுக் கம்பெனி துணியை ஏற்றியது. ஜாதிக்காயும் கிராம்பும் வந்திறங்கின. பத்தேவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) அடிமைகளையும் அனுப்பினார்கள். மசாலா வாசத்தில் அது மறந்துபோகக் கூடாது. 1825இல் ஊர் ஆங்கிலேயர் வசமானது.

இன்று பழவேற்காடு ஏரியின் சேற்று நண்டு உயிரோடு சிங்கப்பூருக்கு விமானம் ஏறுகிறது. வெளிநாட்டில் குடியேறுபவரின் பெட்டிக்கோ விதி வேறு. ஐரோப்பிய ஒன்றியச் சுங்கம் பயணிகள் கொண்டுவரும் இறைச்சியையும் பாலையும் பொதுவாகத் தடுக்கிறது; சொந்த உபயோகத்துக்கான மீனை, கருவாடு உட்பட, 20 கிலோ வரை அனுமதிக்கிறது. கருவாடு நுழையலாம், இறைச்சி கலந்த பூனைத்தீனி நுழையாது! மருத்துவக் காரணத்துக்கான செல்லப்பிராணித் தீனிக்கு மட்டும் நிபந்தனைகளோடு 2 கிலோ வரை விலக்குண்டு.