திராட்சை ஒயின் ஆகி பேர் வாங்கின கதை



போன வாரம் பூதப்பாண்டியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது பழக்கடை அண்ணாச்சியிடம் அரைக் கிலோ பன்னீர் திராட்சை வாங்கினேன். "கம்பம் சரக்கு மக்ளே. நாளைக்குன்னு வைக்காத, இன்னைக்கே தின்னுரு" என்றார். அப்படியானால் விற்காமல் மிஞ்சுவதை என்ன செய்வார்கள்? பஸ்ஸில் இதே யோசனை. உலகத்தில் பல ஊர்க்காரர்கள் எப்பவோ கண்டுபிடித்த பதில், ஒயின். இந்தியாவிலும் சிலர் அதைச் செய்து வெளிநாடு வரை பேர் வாங்கியிருக்கிறார்கள். அந்தக் கதையைத்தான் எழுதப் போகிறேன். (குடிக்கச் சொல்லி எழுதவில்லை. அம்மாவும் இதைப் படிப்பாங்க :-))

ஒயின் நமக்குப் புதுசு இல்லை. எங்கள் ஊர்ப் பேரைக் கேட்டாலே சங்ககாலப் பூதப்பாண்டியன் ஞாபகம் வரும். அதே பாண்டியர் குலத்து நன்மாறனைப் பாடிய நக்கீரர், யவனர்கள் குப்பியில் கொண்டுவந்த தேறலைப் பற்றிப் புறநானூற்றில் சொல்கிறார். 1945-ல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் தோண்டியபோது மத்தியதரைக் கடல் நாடுகளின் ஜாடி ஓடுகள் கிடைத்தன. அந்த ஜாடிகளில்தான் அங்கிருந்து ஒயின் வந்தது. ஆக 2000 வருஷம் முன்னால் நாம் வாங்குகிற ஆள். விற்கிற ஆளாக மாற 1980-கள் வரை ஆனது.

புனே பக்கம் நாராயண்காவ் என்ற ஊரில் ஷாம்ராவ் சௌகுலே பிரெஞ்சுக்காரர்களின் உதவியோடு 'ஓமர் கய்யாம்' என்ற நுரை ஒயின் செய்து ஏற்றுமதி பண்ணினார். 1988-ல் கன்வல் குரோவர் பெங்களூருக்குப் பக்கத்தில் நந்தி மலை அடிவாரத்தில் பிரெஞ்சுக் கொடிகளை நட்டார். பிறகு போர்தோவின் பிரபல நிபுணர் மிஷேல் ரோலாந்தே அங்கே ஆலோசகராக வந்தார்.

எல்லாருக்கும் இருந்த பெரிய தலைவலி வானிலைதான். பிரான்சில் குளிர்காலத்தில் கொடி இலையெல்லாம் உதிர்த்துத் தூங்கும். கோடையில் காய்த்து, இலையுதிர் காலத்தில் அறுவடை. நம் ஊரில் கொடி தூங்கவே தூங்காது. அவர்கள் கணக்குப்படி அறுவடை வைத்தால், பழம் பழுக்கிற நேரத்தில் மழை கொட்டிக் குலையெல்லாம் அழுகும். அதனால் இங்கே வருஷத்துக்கு இரண்டு கவாத்து. ஏப்ரல் வாக்கில் ஒன்று, மழை ஓய்கிற செப்டம்பர், அக்டோபரில் இன்னொன்று. இரண்டாவது கவாத்துக்குப் பிறகு வருகிற காய்தான் ஒயினுக்கு. ஜனவரியிலிருந்து மார்ச் வரை அறுவடை. மழை இல்லை, ராத்திரிக் குளிரில் பழத்தின் புளிப்பும் குறையாமல் நிற்கும். புத்தகத்தில் இருக்கிற காலண்டரையே தலைகீழாகத் திருப்பிப் போட்டார்கள்!

இதே மாதிரி ஒரு வேலையைக் கனடாக்காரர்களும் செய்தார்கள். அவர்களுடைய ஒயினை ஒரு காலத்தில் யாரும் மதித்ததில்லை. 1988-ல் அமெரிக்காவோடு தடையற்ற வணிக ஒப்பந்தம் வந்ததும் இனிப் பிழைக்க முடியாது என்று ஆயிரக்கணக்கான ஏக்கர் பழைய கொடிகளைப் பிடுங்கிவிட்டு நல்ல ரகங்களை நட்டார்கள். அங்கே பனி அதிகம். அதையே பிடித்துக்கொண்டார்கள். மைனஸ் 8 டிகிரிக்குக் கீழே கொடியிலேயே உறைந்த திராட்சையைப் பிழிந்து 'ஐஸ் ஒயின்'. இன்னிஸ்கிலின் என்ற ஆலை 1983-ல் முயற்சி செய்தபோது பழம் முழுவதையும் பறவைகள் தின்றுவிட்டன, பாவம். அடுத்த வருஷம் வலை கட்டினார்கள். அவர்களுடைய 1989-ம் வருஷத்து ஐஸ் ஒயின் 1991-ல் போர்தோ கண்காட்சியில் மிக உயர்ந்த பரிசை வாங்கியது. அதற்குப் பிறகுதான் உலகம் கனடா பக்கம் திரும்பியது.

நம் நாட்டில் அப்படி ஒரே நாளில் எதுவும் நடக்கவில்லை. அமெரிக்காவில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய ராஜீவ் சாமந்த், நாசிக்கில் இருந்த குடும்ப நிலத்தில் மாம்பழம், ரோஜா என்று என்னென்னவோ போட்டுப் பார்த்துவிட்டு, 1997-ல் ஒயின் திராட்சை நட்டார். 2000-ல் 'சூலா' ஒயின் கடைக்கு வந்தது. 2001-ல் மகாராஷ்டிர அரசு திராட்சை பதப்படுத்தும் தொழிலுக்குத் தனிக் கொள்கை கொண்டுவந்து வரிச்சலுகை கொடுத்தது. 2011-ல் பிரிட்டனின் வெய்ட்ரோஸ் கடைகள் இரண்டு இந்திய ஒயின்களைத் தட்டில் வைத்தன. என்னைக் கேட்டால் எந்தப் பதக்கத்தையும் விட இதுதான் பெரிசு. நம் மேல் எந்தப் பாசமும் இல்லாத ஒரு ஆள் சொந்தக் காசைக் கொடுத்து வாங்க வேண்டுமே! 2022 டிசம்பரில் சூலா பங்குச் சந்தைக்கே வந்துவிட்டது.

ஆனால் இடையில் ஒரு அடியும் விழுந்தது. சௌகுலே தொடங்கிய இண்டேஜ் நிறுவனம் ஆஸ்திரேலியாவிலும் பிரிட்டனிலும் கம்பெனிகளை வாங்கிக் குவித்தது. 2008-ல் உலகப் பொருளாதார நெருக்கடி, நவம்பரில் மும்பைத் தாக்குதல். ஓட்டல்களில் ஒயின் கேட்க ஆள் இல்லை. கடன் ஏறி, கம்பெனியைக் கலைக்கச் சொல்லி மும்பை உயர் நீதிமன்றம் உத்தரவிடும் அளவுக்குப் போனது. இதில் மாட்டிக்கொண்டது விவசாயிகள். ஒயின் திராட்சை சின்னது, விதை அதிகம். சந்தையில் யாரும் தின்ன வாங்க மாட்டார்கள். ஆலை வாங்கவில்லை என்றால் போக்கிடம் கிடையாது. மகாராஷ்டிரத்தில் நிறைய பேர் கொடியைப் பிடுங்கிவிட்டு மறுபடியும் சாப்பிடுகிற திராட்சைக்கே திரும்பினார்கள்.

இந்த இடத்தில்தான் எனக்கு அண்ணாச்சி கடைத் திராட்சை ஞாபகம் வந்தது. பன்னீர் திராட்சையின் உலகப் பேர் மஸ்கட் ஹாம்பர்க். 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்று சொல்வார்கள். இது இரண்டுக்கும் ஆகும். தின்னவும் செய்யலாம், வேறு நாடுகளில் இதில் ஒயினும் போடுகிறார்கள். கம்பம் பள்ளத்தாக்கில் வருஷம் முழுக்க அறுவடை உண்டு. 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. தேனிப் பக்கம் ஒயின் ஆலையும் வந்தது. ஆனாலும் நாசிக் என்றால் ஒயின் ஞாபகம் வருகிற மாதிரி கம்பம் என்றால் வருவதில்லை. வரத்து கூடி விலை விழுகிற நாளில் நாசிக்காரருக்கு இல்லாத ஒரு வழி கம்பத்து விவசாயிக்கு இருக்கிறது. அந்த வழியில்தான் போக்குவரத்து குறைவு.

சாயங்காலம் திரும்பி வரும்போது அதே கடையில் மிச்சமிருந்த திராட்சையைக் கூறு போட்டுப் பாதி விலைக்கு வைத்திருந்தார்கள்.