பீரோவின் அடித்தட்டு

ஐப்பசி அடைமழையில் ஒருநாள், அரக்கோணம் வீட்டில் அம்மாவின் பீரோவைத் திறந்தேன். அடித்தட்டில், புடவைகளுக்குக் கீழே அவருடைய எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் இருந்தது. அட்டை முழுக்கப் பூஞ்சணம்.

"ஏம்மா, இத மேல வைக்கலையா?"

"மேல அப்பாவோட பத்திரம் இருக்குது. இது எதுக்கு ஆவப்போவுது?"

ஈரத்திலிருந்து எதைக் காப்பது, எதை விடுவது என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. ஓலைச்சுவடிகள் நம் வெப்பத்திலும் ஈரத்திலும் நிலைக்காது. மீண்டும் மீண்டும் படியெடுத்தே நூல்கள் பிழைத்தன. வசம்பும் வேப்பிலையும் பூச்சியை விரட்டின. ஏடுகளை வெளியே எடுத்துத் தூசி தட்டும் சரஸ்வதி பூஜை, பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன்பு வருவது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையரை நாம் அறிவோம், அறியவும் வேண்டும். ஆனால் வீட்டுப் பொருள்களை உலர்த்தி, மடித்து, காத்த பெண்களின் உழைப்புக்கு எந்த முன்னுரையிலும் இடமில்லை.

1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் எங்கள் ஊர் வழியாக ஓடியது. பின்னாளில் டிரங்குப் பெட்டியும் இரும்பு பீரோவும் வீடுகளுக்குள் வந்தன. மரம் ஈரத்தை ஓரளவு உறிஞ்சி வெளிவிடும். இரும்பு அப்படிச் செய்யாது. ஈரச்சுவரை ஒட்டி நிற்கும் பீரோவின் பின்தகடு குளிர்ந்து வியர்க்கும். காற்றின் ஈரப்பதம் 70 விழுக்காட்டைத் தாண்டி நீடித்தால் பூஞ்சை முளைக்கும். கஞ்சி போட்ட பருத்திப் புடவை அதற்கு நல்ல தீனி.

நாமோ அந்துருண்டையை நம்புகிறோம். நிலக்கரித் தாரிலிருந்து எடுக்கப்பட்ட நாப்தலீன் அந்துப்பூச்சிக்கானது. ஈரத்தை அது போக்காது. அந்துருண்டையோடு வைத்த துணியைப் பச்சைக் குழந்தைக்குப் போர்த்தினால், ஜி6பிடி நொதிக் குறைபாடுள்ள குழந்தைக்குச் சிவப்பணுக்கள் சிதைந்து கடும் மஞ்சள் காமாலை வரலாம். பெட்டியிலிருந்து எடுத்த பழம்புடவையில் பிள்ளையைச் சுற்றும் வழக்கமுள்ள நமக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

பீரோ சாவி அம்மாவின் இடுப்பில்தான் தொங்கியது. உள்ளே இருந்தவை யாருடையவை? 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், பெண் தன்வசமுள்ள சொத்துக்கு முழு உரிமையாளர் என்றது. கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் சமபங்கு என்ற தமிழ்நாட்டுத் திருத்தம் 1989இல் வந்தது. அதற்கு முன்பே மணமான மகள்களை அது விலக்கியது. அம்மா அப்படி விலக்கப்பட்டவர். 2005இல் மத்தியத் திருத்தம் அந்த விலக்கை நீக்கியபோது, அவர் கேட்கவேயில்லை. அடித்தட்டுக்குப் பழகியவர்.

புத்தகத்தை உடனே துடைக்கவில்லை. ஈரத்தோடு துடைத்தால் கறை தாளுக்குள் இறங்கும். மூக்கில் துணி கட்டிக்கொண்டு, நிழலில் காற்றாட உலர்த்தி, வெளியே வைத்து மென்தூரிகையால் தட்டினேன். பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் நகர்த்தி, கால்களுக்குக் கீழே கட்டை வைத்தோம். கஞ்சிப் புடவைகளை அலசி, நன்றாகக் காயவைத்து அடுக்கினோம். மழை விட்ட நாள்களில் கதவைத் திறந்துவைக்கிறோம்.

மதிப்பெண்கள் இன்னும் தெரிகின்றன. கணக்கில் அம்மா என்னைவிட அதிகம் வாங்கியிருக்கிறார். புத்தகத்தை மேல்தட்டில், பத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் பார்த்தபோது, அதைப் பத்திரத்துக்கு மேலே எடுத்து வைத்திருந்தார்.