கல்லும் கள்ளும் கல்லீரலும்

காங்கேயம் என்றதும் திமில் நிமிர்ந்து நிற்கும் காளை நம் கண்முன் வரும். அந்தக் காளையைப் போலவே உலகறிந்த பொருள் இன்னொன்றும் இம்மண்ணுக்கு உண்டு. திருப்பூர் செல்லும் வழியிலே படியூரில் கிடைத்த மணிக்கல் அது. நீலமும் பச்சையும் கலந்து ஒளிரும் அந்தக் கல்லுக்காக ரோமாபுரிச் சீமாட்டிகள் ஏங்கினர். நொய்யற்கரைக் கொடுமணலிலே நம் தொழிலாளர் கல்லை அறுத்தனர், தீட்டினர், மணியாக்கினர். கல் மேற்கே சென்றது. மேற்கிலிருந்து பொன் வந்தது, பொன்னோடு மதுவும் வந்தது. அரிக்கமேட்டை அகழ்ந்தபோது அந்த மதுச்சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. யவனர் தந்த மதுவைப் பாண்டியன் நன்மாறன் பருகியதைப் புறநானூறு பேசுகிறது. அதியமான் தன் கள்ளை ஔவையோடு பகிர்ந்ததையும் அதே நூல் பேசுகிறது.

இதனைக் காட்டி, “பண்டைத் தமிழனே குடித்தான், நட்புக்காக நாலு பேரோடு அமர்ந்து குடிப்பதிலே என்ன குற்றம்?” என்று கேட்கும் நண்பர்களை நாம் அறிவோம். பழமை என்ற ஒரே காரணத்துக்காக எதையும் ஏற்க மறுத்தவர்கள் நாம். கிண்ணம் மட்டும் பழமையின் பெயரால் மேசைக்கு வரலாமா? கள்ளுண்ணாமைக்கென வள்ளுவர் தனி அதிகாரமே வகுத்தாரே, அதுவும் பழமைதானே!

வெள்ளையர் ஆட்சி கள்ளிலே காசைக் கண்டது. 1886ஆம் ஆண்டுச் சென்னை ஆயத்தீர்வைச் சட்டம் அந்த வருவாய்க்கு வரப்பு கட்டியது. 1921இல் ஈரோட்டிலே கள்ளுக்கடை மறியல் மூண்டது. ஈ.வெ.ரா. சிறை புகுந்தார், நாகம்மையாரும் கண்ணம்மாளும் களம் புகுந்தனர். கள் இறக்க இடமிருக்கலாகாது என்று தம் தோப்பிலிருந்த ஐந்நூறுக்கும் மேற்பட்ட தென்னைகளை வெட்டிச் சாய்த்தார் அவர். தென்னையைப் ‘பிள்ளை’ என்றழைக்கும் நாடு இது. தேங்காய்க் களங்கள் நிறைந்த காங்கேயத்திலே நின்று எண்ணிப் பார்த்தால்தான் அந்த வெட்டின் விலை விளங்கும். பின்னாளில் அவரே மதுவிலக்குச் சட்டத்தை எதிர்த்து எழுதினார் என்பதும் வரலாறு.

1937 அக்டோபர் முதல் நாள் சேலம் மாவட்டத்திலே மதுவிலக்கு. 1948 அக்டோபர் 2ஆம் நாள் மாகாணம் முழுவதும். 1971இல் கழக அரசு அதனை ஒத்திவைத்தது. 1974இல் கடைகளை மீண்டும் மூடியது. 1981இல் எம்.ஜி.ஆர். அரசு திறந்தது, 1983இல் டாஸ்மாக் பிறந்தது, 2003இல் சில்லறைக் கடைகளும் அதன் கைக்கு வந்தன. திறந்தவரும் நம்மவர், மூடியவரும் நம்மவர். மறைப்பானேன்?

இத்தனை வாதங்களிலும் ‘பாவமா, வருவாயா’ என்றே வழக்கு நடந்தது. குடிப்பவனின் ஈரல் என்ன ஆயிற்று என்று கேட்டவர் சிலரே. தெருவிலே விழுந்து கிடப்பவன் குடிகாரன், நண்பரோடு அளவாய் அருந்துபவன் நாகரிகன் என்று சமூகம் இரண்டு சாதி வகுத்துக்கொண்டது. இந்தச் சாதிப் பிரிவினை ஈரலுக்குத் தெரியாது!

சனிக்கிழமை மாலை. பனியன் தொழிலாளிக்கு வாரக்கூலி கையில். சரக்கு கப்பலேறிய களிப்பு முதலாளிக்கு. எண்ணெய் ஆலைத் தரகருக்குப் பேரம் படிந்த மகிழ்ச்சி. ஆளுக்கொரு காரணம், ஆளுக்கொரு கிண்ணம். பதினைந்து ஆண்டுகள் இப்படிப் போகின்றன. வேலை கெடவில்லை, வீட்டிலே சண்டையில்லை. ஒருநாள் உடன் குடித்தவர் ஒருவர் மகோதரம் கண்டு, வயிறு வீங்கி, மாண்டுபோகிறார். அன்றிரவு மற்றவருக்கு உறக்கமில்லை. ‘ஈரக்குலை நடுங்குகிறது’ என்கிறோமே, அந்தச் சொல் அன்று உவமையாக இல்லை.

அந்த அச்சத்தை நாம் எள்ளவில்லை. அது எங்கே போய் நிற்கிறது என்பதே நம் கவலை. காமாலைக்கு மந்திரிப்பவரிடம் சிலர் போகிறார்கள். கீழாநெல்லியை அரைத்துக் குடித்துவிட்டு, அந்தத் தைரியத்தில் மறுபடியும் கிண்ணத்தைத் தொடுகிறார்கள் சிலர். 1988இல் சென்னைப் பல்கலைக்கழகத்துத் தியாகராசன் குழு, நோபல் பரிசாளர் புளூம்பெர்க்குடன் சேர்ந்து கீழாநெல்லி பற்றி ‘லான்செட்’ ஏட்டிலே எழுதியது உண்மை. அவர்கள் ஆராய்ந்தது மஞ்சட்காமாலை பி வகைக் கிருமியை. மதுவால் வெந்த ஈரலை அல்ல. அந்தக் கிருமி பற்றிய முடிவையும் பின்வந்த ஆய்வுகள் பல உறுதிசெய்யவில்லை.

மதுவுக்கும் ஈரல் இறுகுவதற்கும் உள்ள உறவை 1793இலேயே இலண்டனில் மாத்தியூ பெய்லி எழுதினார். அவ்விறுக்கத்துக்கு 1819இல் ‘சிரோசிஸ்’ என்று பெயரிட்டவர், ஸ்டெதஸ்கோப்பைக் கண்ட பிரெஞ்சு மருத்துவர் லென்னக். கிரேக்கக் கதையிலே பிரோமிதியசின் ஈரலைக் கழுகு கொத்தத் கொத்த அது மீண்டும் வளருமாம். கதை புளுகு, ஆனால் ஈரலுக்கு வளரும் ஆற்றல் உண்டு என்பது மெய். அந்த ஆற்றலே நம்மை ஏமாற்றவும் செய்கிறது. முதலில் கொழுப்பு படிகிறது, வலியில்லை. பின்பு அழற்சி, அதன் பின் தழும்பு. அப்போதும் பலருக்கு நோவில்லை. காலும் வயிறும் வீங்கி, கண் மஞ்சளாகும்போது பெரும்பகுதி போயிருக்கும். உடற்பருமனும் நீரிழிவும் சேர்ந்தால் அழிவு விரையும். கொழுப்பு நிலையிலேயே குடியை விட்டவருக்கு, வேறு காரணமில்லையாயின், ஈரல் பெரும்பாலும் சில வாரங்களில் தேறுகிறது. தழும்பு அவ்வளவு எளிதில் மறைவதில்லை.

ஆகவே அஞ்சுகிற தோழர் மருத்துவரிடமே போகட்டும். இரத்தச் சோதனை உண்டு, வயிற்றை ஸ்கேன் எடுத்துப் பார்ப்பதுண்டு, ஈரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேனும் உண்டு. இரத்தச் சோதனை ஒன்று சரியாக இருப்பதாலேயே ஈரல் நலம் என்று முடிவு கட்டிவிட இயலாது. “குடிப்பீர்களா?” என்று மருத்துவர் கேட்பார். “எப்போதாவது” என்பதே நம் வழக்கமான விடை. அவருக்கு வேண்டியது வாரத்துக்கு எவ்வளவு, எத்தனை ஆண்டுகள் என்பது. நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் பயந்துபோய் ஒரே நாளில் தாமாக நிறுத்திவிடலாகாது. நடுக்கமும் வலிப்பும் பிதற்றலும் வந்து உயிருக்கே கேடாகலாம். அதையும் அவரிடம் சொல்லி, அவர் மேற்பார்வையிலே விட வேண்டும்.